ஒன்பது கொம்பும் மூன்று பட்டையும்

அத்தியாயம் 4

துப்பறியும் மரியநாதனின் கார் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோபித்துக்கொள்ளும். திங்கள் முதல் சனி வரை சொன்ன பேச்சைக் கேட்டு ஓடுகிற முப்பது வயதுக் கிழட்டுக் கார் அது. ஞாயிறு காலை கோயிலுக்குப் போய், பூசை கண்டு, தீர்த்தப் போத்தலை நிரப்பி, காரையும் கையோடு ஆசீர்வதித்துவிட்டுக் கிளம்புவது அவருடைய ஒழுங்கு. சாவியைத் திருகினால் கார் இரண்டு முறை கனைத்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

இன்றும் உட்கார்ந்தது. மாசாயில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் செல்வாதான் நல்ல பிளக்கைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டிவிட்டான் என்று மரியநாதன் பல்லைக் கடித்தார். இந்தக் குற்றச்சாட்டைக் கோயில் பங்கில் பதினோரு குடும்பங்களிடம் அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு கோயில் ஆட்கள் யாரும் செல்வா கடைப் பக்கம் போவதில்லை.

அரை மணி நேரம் அவரும் பியாட்ரிஸும் காருக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு செபமாலை சொன்னார்கள். அதன் பிறகு கார் தானாகக் கிளம்பியது. இது மாதாவின் அற்புதம் என்றார் மரியநாதன். மாதாவுக்கு இவ்வளவு மெக்கானிக் வேலை தெரிந்தால் நாம் ஏன் செல்வாவைத் திட்ட வேண்டும் என்று கேட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த பியாட்ரிஸ் ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டாள்.

பியாட்ரிஸ் அவருடைய உதவியாளர். நாற்பத்து நான்கு வயது. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருஷம் நின்று, ஓடிவரும் ஆயிரம் டப்பாக்களில் நசுங்கிய ஒன்றைப் பொறுக்கி எடுத்தவள். குறை கண்டுபிடிக்கும் கண் அங்கே வந்தது. வாய் மட்டும் பிறவியிலேயே கூட வந்தது.

பெக்கான் நானாஸ் ஊருக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. அவர்களை வரவழைத்த அன்னாசி மொத்த வியாபாரி காளிதாஸ், தன் கொட்டகை வாசலில் இடுப்பில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அகலமான ஆள், அதைவிட அகலமான கோபம். அவருக்குப் பின்னால் இழுவண்டியின் மேல் மஞ்சள் நிறத்தில் பளபளத்தது அவருடைய பந்தயப் படகு, 'அன்னாசி ராணி'.

வழக்கை அவரே கொட்டினார். பதினோரு வருஷமாக ராணியின் எட்டு சிலிண்டர் என்ஜின் பழைய 'பாயிண்ட்' முறையில் ஓடியது. ஒரு சின்னத் தகடு திறந்து மூடித்தான் அதில் தீப்பொறி பிறக்கும். வேகம் கூடினால் தகடு தள்ளாடும், பொறி மெலியும், நேற்று வந்த படகெல்லாம் முந்திக்கொண்டு போகும். இந்த வருஷம் கார்புரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, தீப்பொறி சாமான்களை மட்டும் மாற்றச் சொன்னார். மெக்கானிக் யுகேந்திரன் பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன், மின்சாரத்தைப் பெருக்கும் பெரிய காயில், விரல் தடிமனுக்கு வயர், புத்தம் புது டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் பூட்டினான். கொட்டகையில் சாவியைத் தட்டினால் என்ஜின் சிங்கம். தண்ணீரில் இறங்கினால் பூனை. இரண்டு ரேஸிலும் முதலாவதாகப் போன ராணி, மூன்றாவது மிதவை தாண்டியதும் இருமி இருமிச் செத்தது. கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் போட்டால் மறுபடி முதல் தட்டிலேயே சிங்கம்.

"இவன்தான் சார் ஏதோ செஞ்சிருக்கான்," என்று காளிதாஸ் விரலை நீட்டினார்.

விரல் போன திசையில் யுகேந்திரன் ஒரு கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடுத்த திங்கட்கிழமை சிங்கப்பூரில் ஒரு படகுப் பட்டறையில் சேரப் போகிறான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது காளிதாஸின் பரம எதிரியான பச்சைப் படகு மகேஸ்வரனின் மச்சான். இது ஒன்று போதாதா? காளிதாஸ் போலிஸ் ரிப்போர்ட்டைத் தட்டச்சே செய்து சட்டைப்பையில் வைத்திருந்தார். நாலு மணிக்குப் பொந்தியானில் கடைசி ரேஸ். படகு நின்றால் நாலரைக்கு ஸ்டேஷன்.

யுகேந்திரன் கந்தலைக் கீழே வைத்தான். "கேஸ்னு ஒன்னு எழுதிட்டா அங்க என்னை உள்ள விட மாட்டாங்க சார். எல்லாக் கடுதாசியும் கேட்டிருக்காங்க," என்றான். சொல்லும்போது அவன் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பியாட்ரிஸ் அதைக் கவனித்தாள். குற்றவாளிகள் சத்தியம் செய்வார்கள், நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். இப்படி வெட்கப்படுகிறவன் பெரும்பாலும் எதையும் செய்யாதவன் என்பது அவள் அனுபவம்.

மரியநாதன் என்ஜினைப் பார்க்க வேண்டும் என்றார். யுகேந்திரன் என்ஜின் மூடியைத் தூக்கினான். உள்ளே என்ஜின் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. கார்புரேட்டரைச் சுற்றி வாடிய மல்லிகைச் சரம், ஓரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழம், பின்பக்கம் கறுப்பாக நிமிர்ந்து நின்ற டிஸ்ட்ரிபியூட்டரில் காய்ந்துபோன மூன்று விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். காயிலில் பிறக்கும் மின்சாரத்தை எட்டு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பங்கிடுவது இந்தச் சாமான்தான் என்று யுகேந்திரன் விளக்கினான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் தலையில் ஒன்பது கொம்புகள். நடுக்கொம்பில் மின்சாரம் வரும், சுற்றியுள்ள எட்டில் போகும்.

"ஒம்பது கொம்பு. நவக்கிரகம் சார்," என்றார் காளிதாஸ் பெருமையோடு.

பியாட்ரிஸ் வணக்கத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வயர் அறுந்திருக்கவில்லை, ஆணி கழன்றிருக்கவில்லை, சர்க்கரையையோ மணலையோ யாரும் பெட்ரோலில் கொட்டியிருக்கவில்லை. யுகேந்திரன் என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாயை மாட்டிச் சாவியைத் திருகினான். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கூரையில் இருந்த புறாக்கள் ஊரை விட்டே போயின. ஐந்து நிமிஷம் கர்ஜித்தும் என்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

"இங்க ஓடுது, அங்க நிக்குது," என்று மரியநாதன் தாடையைத் தடவினார். "அப்ப இந்தக் கொட்டகைக்கும் அந்தத் தண்ணிக்கும் நடுவுல யாரோ என்ஜினைத் தொடுறாங்க. அந்தக் கை யாரோடதுன்னு தெரிஞ்சா போதும்."

அந்தக் கையைத் தேடிப் போவதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. காளிதாஸின் மனைவி சந்திரமதி. உப்புமா கிண்டினாலும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பும் பெண்மணி அவர். இரண்டு ரேஸ் நாளிலும் படகு துறைக்கு வந்தது முதல் தண்ணீரில் இறங்கியது வரை ஒரு நொடி விடாமல் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்தார். அதோடு விடவில்லை. படகிலும் ஏறி, படகோட்டிய கணவருக்குப் பின்னால் என்ஜின் மூடியின் மேலேயே உட்கார்ந்து ரேஸையும் எடுத்திருந்தார்.

இழுவண்டியை இழுத்துக்கொண்டு லாரி முன்னால் போக, மரியநாதனின் கார் பின்னால் போயிற்று. பின் இருக்கையில் சந்திரமதியும் பியாட்ரிஸும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படம் பார்த்தார்கள். முதல் படத்தில் ஏழாவது நிமிஷம் பியாட்ரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பச்சைச் சட்டை போட்ட மகேஸ்வரன் ராணியின் ஓரமாகச் சாய்ந்து நிற்கிறான். படகுக்குள் எட்டிப் பார்க்கிறான். ஏதோ மெல்லச் சிரிக்கிறான்.

"பாஸ், ஆள் மாட்டிக்கிட்டான்."

"கையைப் பாரு," என்றார் மரியநாதன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பியாட்ரிஸ் படத்தைப் பெரிதாக்கினாள். மகேஸ்வரனின் வலது கையில் பிளாஸ்திக் பையில் கட்டிய கோப்பி. இடது கையில் பாதி தின்ற கறிபாப். இரண்டாவது ரேஸ் படத்திலும் அதே இடம், அதே சிரிப்பு, ஒரு கையில் கோப்பி, மறு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்.

"இவன் சதி பண்ணணும்னா முதல்ல சாப்பாட்டைக் கீழ வைக்கணும்," என்றாள் பியாட்ரிஸ். "வைக்கிற ஆளாத் தெரியல. பசியே இவனுக்குச் சாட்சி."

அடுத்த சந்தேகம் யுகேந்திரன். அவன் இரண்டு படத்திலும் பதினைந்து அடி தள்ளி, ஒரு கம்பத்தோடு கம்பமாக நின்றிருந்தான். கொட்டகையை விட்டுக் கிளம்பினால் படகைத் தொடக் கூடாது என்பது காளிதாஸின் உத்தரவாம். ஆக, கோப்பி பிடித்த கை ஒன்று, கட்டப்பட்ட கை ஒன்று. மிச்சம் யார்? படத்தை மறுபடி ஓட்டினார்கள். ரேஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு தடித்த கை, நவரத்தின மோதிரத்தோடு, என்ஜின் மூடியைத் தூக்கி உள்ளே போயிற்று. முகம் தெரியவில்லை. முதல் ரேஸிலும் அந்தக் கைதான். இரண்டாவது ரேஸிலும் அந்தக் கைதான்.

பியாட்ரிஸ் படத்தை அங்கேயே நிறுத்தினாள். இந்த மோதிரக்காரனைத் தெரியுமா என்று சந்திரமதியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெரியாம என்ன லா," என்றார் சந்திரமதி. "இவரு கை. கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட மோதிரம்."

தன் படகைத் தானே கெடுத்துக்கொண்டு, தன் செலவிலேயே துப்பறிவாளரையும் வரவழைக்கும் மனிதனைப் பியாட்ரிஸ் இதுவரை கண்டதில்லை. இப்படி ஒரு குற்றவாளி கிடைத்தால் சம்பளம் யாரிடம் கேட்பது என்பதுதான் அவளுக்கு முதலில் வந்த கவலை.

பொந்தியான் துறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மணி மூன்றே கால். ராணியை இழுவண்டியோடு தண்ணீர் ஓரம் நிறுத்தியிருந்தார்கள். யுகேந்திரன் தன் கம்பத்துக்குப் போய்விட்டான். மகேஸ்வரன் ஒரு கையில் கோப்பியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். காளிதாஸ் ஒரு வெண்கலத் தட்டில் கோயில் விபூதியைக் கொட்டி, பன்னீர் விட்டு மூன்று விரலால் குழைத்துக்கொண்டிருந்தார். மோதிரம் வெயிலில் மின்னியது.

மரியநாதன் பத்தடி தள்ளி நின்று அவரையே பார்த்தார். பியாட்ரிஸ் பொறுமை இழந்தாள்.

"நமக்கும் சாம்பல் உண்டு பாஸ். சாம்பல் புதன் அன்னிக்கு வருஷத்துல ஒரு தடவை நெத்தியில வைப்பாங்க, அதோட சரி. இந்த என்ஜினுக்குப் பாருங்க, ரேஸுக்கு ரேஸ் வைக்கிறாங்க. நம்மள விட பக்தி."

மரியநாதன் மெதுவாகத் திரும்பினார்.

"ரேஸுக்கு ரேஸ்," என்றார். "கொட்டகையில வைக்கிறது இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நிமிஷம், காளிதாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பட்டையும் குங்குமமும் இட்டு முடித்த கையோடு, மரியநாதன் ஓடிப்போய் லாரியில் கிடந்த கறுப்புத் தார்ப்பாயைத் தூக்கி வந்தார். என்ஜினின் மேல் அதைப் போர்த்தினார். எல்லாரும் அதற்குள் தலையை நுழைக்க வேண்டும், யுகேந்திரனும்தான் என்றார். காளிதாஸ் மறுத்தார். நேரம் ஆகிறது, சகுனம் கெடுகிறது என்றார். போலிஸ் ரிப்போர்ட்டில் சாட்சி வேண்டுமா வேண்டாமா என்று மரியநாதன் கேட்டதும் குனிந்தார்.

யுகேந்திரன் ஒன்று மட்டும் சொன்னான். படகின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கி நிற்கும், காற்றாடியை ஐந்து நிமிஷம் ஓட்டி அதை வெளியே தள்ளாமல் சாவியைத் தொட விடமாட்டேன் என்றான். சதிகாரன் என்று பட்டம் வாங்கியவன் இப்படிப் பேசியதைக் கேட்டுச் சந்திரமதி கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

ஐந்து நிமிஷம் கழித்து, பட்டப்பகலில், பொந்தியான் துறையில், ஒரு தார்ப்பாய்க்கு வெளியே ஐந்து பேருடைய பின்பக்கம் மட்டும் வரிசையாகத் தெரிந்தது. மகேஸ்வரன் கறிபாப்பைக் கடிக்க மறந்து நின்றான். உள்ளே கும்மிருட்டு, மல்லிகை வாசம், வியர்வை. யாருடைய முழங்கையோ பியாட்ரிஸின் விலாவில் இருந்தது.

யுகேந்திரன் கையை மட்டும் வெளியே நீட்டிச் சாவியைத் திருகினான். என்ஜின் உறுமியது. மரியநாதன் கொஞ்சம் வேகம் கொடுக்கச் சொன்னார்.

அப்போது தெரிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுற்றி, ஈரமாக இருந்த மூன்று பட்டைகளின் மேலும், நீலநிறப் பொறி கோடு கோடாக ஊர்ந்தது. ஒரு கொம்பில் கிளம்பி, பட்டையைப் பிடித்து, பக்கத்துக் கொம்புக்குப் போய் இறங்கியது. குங்குமம் வைத்த இடத்தில் படபடவென்று வெடித்தது. என்ஜின் இருமத் தொடங்கியது. இரண்டு ரேஸிலும் கேட்ட அதே இருமல்.

"முருகா," என்றார் காளிதாஸ், இருட்டுக்குள். பரவசத்தில் அவர் கையெடுத்துக் கும்பிட்டது பியாட்ரிஸின் மூக்கில் இடித்தது.

"முருகன் இல்ல, முதலாளி," என்றாள் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "உங்க விரல்."

என்ஜினை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். மரியநாதன் சுருக்கமாகச் சொன்னார். பழைய பாயிண்டில் பொறி சோனி. காளிதாஸும் அப்போதெல்லாம் ஒரே ஒரு பொட்டுத்தான் வைத்தார். புதுச் சாமான் விலை உயர்ந்தது, அதனால் மரியாதையும் உயர்ந்தது, பொட்டு பட்டையாயிற்று. புதுக் காயிலோ இரட்டிப்பு பலம். மூன்றாவது மிதவைக்கு அப்புறம் நீள ஓட்டம், முழு வேகம். அங்கே மின்சாரம் சிலிண்டருக்குள் முட்டி மோதிக்கொண்டு போவதை விட, ஈரச் சாம்பல் மேல் சும்மா நடந்து போவது சுலபம் என்று கண்டுகொண்டது. படகை இழுத்து வருவதற்குள் பட்டை காய்ந்துவிடும். காய்ந்த பட்டை மேல் அதற்குப் பாதை இல்லை. அதனால்தான் கொட்டகையில் சிங்கம்.

பியாட்ரிஸுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. பதினெட்டு வருஷம் நசுங்கிய டப்பாவைப் பொறுக்கிய கண், மத்தியானம் இதே பட்டையை வணங்கிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறது. யுகேந்திரனும் பார்த்தவன்தான். பட்டையோ பொட்டோ இல்லாத என்ஜினை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. இல்லாவிட்டால்தானே கண்ணுக்கு உறுத்தும்.

"அண்ணே," என்றான் யுகேந்திரன். முதல் முறையாகக் காளிதாஸின் முகத்தைப் பார்த்தான். "ஆவி தேங்குற இடத்துல பொறி வெளிய வரக் கூடாதுன்னுதான் கார் சாமான் வேணாம், படகுக்குன்னு செஞ்ச மூடின சாமான்தான் வேணும்னு தேடி வாங்கினேன். நீங்க மூடிக்கு மேலயே ரோடு போட்டுக் கொடுத்திட்டீங்க. ரெண்டு தடவையும் படகு நின்னது உங்க நல்ல காலம். ஒரு பொறி கீழ விழுந்திருந்தா அக்கா உக்காந்திருந்த எடம்தான் முதல்ல போயிருக்கும்."

காளிதாஸ் மனைவியைப் பார்த்தார். சந்திரமதி கைப்பேசியை மெல்லக் கீழே இறக்கினார். அகலமான அந்த மனிதர் இழுவண்டிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மணி மூன்றே முக்கால். பட்டையைத் துடைத்தால் ரேஸுக்குப் போகலாம். யார் துடைப்பது? சாமி விபூதியைத் துணியால் துடைக்க மாட்டேன் என்றார் காளிதாஸ். யுகேந்திரனும் பின்வாங்கினான், சந்திரமதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூவரும் சேர்ந்து மரியநாதனைப் பார்த்தார்கள். கத்தோலிக்கன் ஒருவன் கோயில் விபூதியை அழித்தான் என்ற பேரோடு நான் மாசாய் போய்ச் சேர முடியாது என்றார் அவர். பியாட்ரிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். படகை அப்படியே மழைக்கு விட்டுவிட்டு அடுத்த வருஷம் வரலாமா என்று கேட்டாள்.

கடைசியில் யுகேந்திரனே வழி கண்டான். அவன் பெட்டியில் உபரியாக ஒரு மூடி இருந்தது. துடைக்க வேண்டாம், மாற்றிவிடலாம். ஒரு வயரைக் கழற்றி, புது மூடியில் அதே இடத்தில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த வயரைத் தொட்டான். ஒரு வயர் இடம் மாறினாலும் என்ஜின் மானத்தை வாங்கும் என்று அவன் முணுமுணுக்க, பியாட்ரிஸ் விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். பட்டையோடு வந்த பழைய மூடியைக் காளிதாஸ் இரண்டு கையாலும் வாங்கினார். பூசை அறையில் வைக்கப் போகிறாராம். சுற்றுவதற்குக் காகிதம் கேட்டார், கிடைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போலிஸ் ரிப்போர்ட்டை எடுத்து, விரித்து, ஒன்பது கொம்பையும் அதில் பத்திரமாகச் சுற்றினார்.

தட்டில் குழைத்த விபூதி மிச்சம் இருந்தது. விரலில் எடுத்தார். பழக்கத்தில் கை என்ஜின் பக்கம் போய், பாதியில் நின்றது. அந்த விரல்களை எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்தார். பிறகு யுகேந்திரனின் நெற்றியில் மூன்று பட்டையாக அழுத்தி இழுத்தார்.

"நீ ஓட்டு," என்றார்.

ராணி இரண்டாவதாக வந்தது. ஜெயித்தது மகேஸ்வரன், ஒற்றைக் கையால். ஆனால் மூன்றாவது மிதவையை மஞ்சள் படகு முழு வேகத்தில் தாண்டியபோது கரையில் காளிதாஸ் போட்ட சத்தத்தில் முதல் பரிசு யாருக்கு என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

ஆறு மணிக்குத் திரும்பினார்கள். வெயிலில் காய்ந்து கிடந்த கார் முதல் திருகலிலேயே கிளம்பியது. மரியநாதன் உற்சாகமாக விசிலடித்தார். பியாட்ரிஸ் முன்னால் இருந்த தீர்த்தப் போத்தலையே பார்த்துக்கொண்டு வந்தாள். காலையில் கழுத்து வரை நிரப்பியது. இப்போது பாதிதான் இருந்தது.

"பாஸ். ஞாயித்துக்கிழமை பானெட்டைத் தொறந்து ஆசீர்வதிக்கிறீங்களே, தண்ணிய எதுமேல தெளிப்பீங்க?"

விசில் நின்றது.

"நாலு பக்கமும்தான்," என்றார். "நடுவுல ஒரு கறுப்புச் சாமான் இருக்கும். அதுமேல கொஞ்சம் தாராளமா."

"அதுக்கு எத்தனை கொம்பு?"

"அஞ்சு."

சொல்லப் பியாட்ரிஸிடம் நாலைந்து நல்ல வசனங்கள் தயாராக இருந்தன. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கினாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முச்சந்தியில் மரியநாதன் திரும்பாமல் நேராகப் போனார்.

"செல்வா இந்நேரத்துக்குக் கடையில இருப்பானா?"

"கடைக்கு மேலதான் வீடு, பாஸ்."

"முதல்ல அவன்," என்றார் மரியநாதன். "அப்புறம் அந்தப் பதினோரு வீடு."

பியாட்ரிஸ் போத்தலின் மூடியை இறுகத் திருகி மடியில் வைத்துக்கொண்டாள்.